தாடை எலும்பில் தோன்றும் புற்றுநோய்: உயிர்வாழ்வைத் தீர்மானிப்பவை எவை?

எலும்புப் புற்றுநோய் என்று எழுதப்பட்ட திசுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் குடும்பத்தார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பிழைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? விடையாக ஒரு விழுக்காட்டைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் தலை, கழுத்துப் பகுதி எலும்புகளில் தோன்றும் புற்றுநோய்களில் அந்த ஒற்றை எண்ணுக்குள் முற்றிலும் வேறுபட்ட நோயாளிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கிறார்கள். நோய்க்குறியியல் ஆய்வகத்தில் இத்தகைய மாதிரிகளைப் பார்த்து அறிக்கை எழுதுபவன் என்ற முறையில், எந்தக் காரணிகள் உண்மையில் எடை மிக்கவை, எவை பட்டியலில் மட்டும் இடம்பெறுபவை என்பதை இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். வாயின் உட்பரப்பில் தோன்றும் புற்றுநோய் வளர்ந்து கீழ்த்தாடை எலும்பை அரிப்பது பரவலாகக் காணப்படும் நிகழ்வு. அதையும் பலர் தாடை எலும்புப் புற்றுநோய் என்றே சொல்கிறார்கள். அது எலும்பில் பிறந்த நோய் அன்று. அதன் நிலைப்படுத்தல் (நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று வகைப்படுத்துவது), சிகிச்சை, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் பாங்கு அனைத்தும் வேறு. இங்கே நான் எழுதுவது எலும்பிலோ குருத்தெலும்பிலோ தோன்றும் சார்கோமா (இணைப்புத் திசுப் புற்று) வகைகளைப் பற்றி, அவற்றுள்ளும் முக்கியமாக, புற்றணுக்களே எலும்புத் திசுவை உண்டாக்கும் வகையான ஆஸ்டியோசார்கோமாவைப் பற்றி.

உடலில் தோன்றும் ஆஸ்டியோசார்கோமாக்களில் ஏறத்தாழ 6 முதல் 10 விழுக்காடு தலை, கழுத்துப் பகுதியில் உண்டாகின்றன. கீழ்த்தாடையும் மேல்தாடையும்தான் அவற்றின் முதன்மை இடங்கள். தொடை எலும்பு, கணைக்கால் எலும்பு போன்ற நீண்ட எலும்புகளில் இந்நோய் பதின்ம வயதினரையே அதிகம் தாக்குகிறது. தாடையில் வருவதோ பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களுக்கு. இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கை, கால் எலும்புகளில் வரும் ஆஸ்டியோசார்கோமா நுரையீரலுக்குப் பரவி உயிரைப் பறிக்கிறது. தாடையில் வருவது அவ்வளவு எளிதில் தொலைவுக்குப் பரவுவதில்லை, மாறாக அகற்றிய இடத்திலேயே மீண்டும் வளர்ந்து, மண்டையோட்டின் அடிப்பகுதியையோ மூளையையோ எட்டி உயிரைப் பறிக்கிறது. பெரிய பதிவேடுகளில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு சுமார் 50 முதல் 60 விழுக்காடு வரை காணப்படுகிறது. நோய் எப்படிக் கொல்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்ற காரணிகளின் வரிசை தானாகவே தெளிவாகும்.

அந்த வரிசையில் முதலிடம் அறுவை விளிம்புக்கு. அகற்றப்பட்ட கட்டியின் வெளி எல்லையில் புற்றணுக்கள் இல்லையென்றால் விளிம்பு தூய்மையானது என்கிறோம். இருந்தால் நோய் உடலில் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். தலை, கழுத்து ஆஸ்டியோசார்கோமா குறித்து எந்த நாட்டு மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வை எடுத்தாலும், வயது, பால், கட்டியின் உட்பிரிவு ஆகியவற்றின் செல்வாக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. விளிம்பின் செல்வாக்கு மட்டும் ஏறத்தாழ மாறுவதே இல்லை. காலில் கட்டி இருந்தால் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் தாராளமாகச் சேர்த்து எடுக்க முடியும். வேறு வழியே இல்லையென்றால் காலையே அகற்றவும் முடியும். முகத்தில் அந்தத் தாராளத்துக்கு இடமில்லை. கண், பார்வை நரம்பு, கழுத்துத் தமனி, மூளையின் உறை ஆகியவை சில மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும்போது, பாதுகாப்பான தூரம் என்று நூல்கள் சொல்வதை அறுவை மேசையில் அடைவது கடினம்.

விளிம்பைச் சரிபார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அது ஆய்வகத்துக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. வாய்ப் புற்றுநோய் அறுவையின்போது விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து, உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறோம். கெட்டி எலும்பை அப்படிச் சீவ முடியாது. அதிலுள்ள கால்சியத்தை அமிலத்திலோ வேறு கரைசலிலோ ஊறவைத்து நீக்க வேண்டும். துண்டின் பருமனைப் பொறுத்து அதற்குச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். ஆகவே மென்திசு விளிம்பு பற்றி உடனடியாக விடை சொல்ல முடிந்தாலும், எலும்பு விளிம்பு பற்றிய உறுதியான விடை நோயாளி வீடு திரும்பிய பிறகே கிடைக்கிறது. எலும்பு மச்சையைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது ஓரளவுக்கு உதவும், அவ்வளவுதான். எனவே எங்கே வெட்டுவது என்ற முடிவு பெருமளவுக்கு அறுவைக்கு முன் எடுக்கப்படும் படங்களையே சார்ந்திருக்கிறது: எலும்பின் அழிவைக் காட்டும் சி.டி. ஸ்கேனும், மச்சைக்குள் நோய் எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்பதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமும். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் சி.டி. ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு தாடையில் வெட்டுக்கோடு வரைவதை நான் ஏற்கமாட்டேன். ஏனெனில் எலும்பின் வெளித்தோற்றம் இயல்பாகத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் உள்ளே நோய் சென்றிருக்கக்கூடும்.

முதல் அறுவையிலேயே விளிம்பு தூய்மையாக அமைந்த நோயாளியின் நிலையும், மீதம் விட்டுப் பின்னர் மீண்டும் அறுவைக்கு உட்படுபவரின் நிலையும் ஒன்றல்ல. முதல் அறுவைக்குப் பின் திசுத் தளங்கள் கலைந்து, தழும்பேறி, எது நோய் எது தழும்பு என்று பிரித்தறிவதே கடினமாகிவிடுகிறது. பற்சொத்தை அல்லது சாதாரணக் கட்டி என்ற எண்ணத்தில் தாடையைச் சுரண்டிவிட்டு, பிறகு அறிக்கையைப் பார்த்துத் திடுக்கிடும் நிகழ்வுகளில் இழப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஐயத்துக்குரிய எலும்புக் கட்டியில் திசு எடுக்கும் இடத்தைக்கூட, பின்னர் பேரறுவை செய்யப்போகும் மருத்துவரே தீர்மானிப்பது நல்லது. திசு எடுத்த பாதையையும் கட்டியோடு சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும்.

கட்டி இருக்கும் இடம் என்ற காரணி, உண்மையில் விளிம்பின் மறுபெயர் என்றே கருதுகிறேன். கீழ்த்தாடைக் கட்டிகளின் விளைவு மற்றவற்றைவிடப் பொதுவாக மேலானதாகவும், மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிகளின் விளைவு மோசமானதாகவும் ஆய்வுகளில் காணப்படுவதற்குப் பெருங்காரணம், முன்னதில் முழுமையாக வெட்டியெடுக்க முடிகிறது, பின்னதில் முடிவதில்லை என்பதே. மேல்தாடைக் கட்டிகள் இடைப்பட்டவை; முன்பக்கம் இருப்பவற்றை எளிதில் அகற்றலாம், பின்பக்கமாக, தாடையை அசைக்கும் சிறகுத்தசைப் பகுதிக்குள் நுழைந்தவற்றை அகற்றுவது அரிது.

இதே காரணத்தால் மறுசீரமைப்பு அறுவையையும் உயிர்வாழ்வோடு தொடர்புள்ளதாகவே பார்க்க வேண்டும். வெட்டியெடுத்த தாடைக்குப் பதிலாகக் காலின் சிம்பு எலும்பை (முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய வெளிப்புற எலும்பை) அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்துவந்து பொருத்தும் முறை 1989 இல் வெளியான அறிக்கைக்குப் பின் உலகெங்கும் பரவியது. அதற்கு முன் தாடையின் பெரும்பகுதியை இழந்தவர் மெல்லவும் பேசவும் இயலாமல் வாழவேண்டியிருந்தது. அந்த அச்சம் அறுவை மருத்துவரின் கையைக் கட்டிப்போட்டிருக்கும் என்று எண்ண இடமுண்டு. எடுத்த இடத்தை நிரப்ப வழியுண்டு என்று தெரிந்தால்தான் தேவையான அளவுக்கு எடுக்கத் துணிவு வரும். எடுப்பவரும் நிரப்புபவரும் தனித்தனிக் குழுக்களாக இருப்பது பல மருத்துவமனைகளில் வழக்கம். எவ்வளவு எடுப்பது என்ற முடிவில் எப்படி நிரப்புவது என்ற கவலை குறுக்கிடாமல் இருக்க இது உதவுகிறது.

அடுத்தது கட்டியின் தரநிலை. நுண்ணோக்கியில் அணுக்கள் எவ்வளவு முரண்பட்டுத் தோன்றுகின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைப் பொறுத்து தாழ்தரம், உயர்தரம் என்று வகைப்படுத்துகிறோம். எலும்பின் மேற்பரப்பில் மெதுவாக வளரும் தாழ்தர வகைகளை முழுமையாக அகற்றிவிட்டால் கீமோதெரபியே தேவைப்படாது. விளைவும் மிக நல்லதாக இருக்கும். உயர்தரக் கட்டிகளின் போக்கு வேறு. ஆனால் தாழ்தரக் கட்டிகளுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: அவை தீங்கற்ற நார்த்திசு எலும்பு வளர்ச்சியைப் போலவே தோற்றமளித்து, அறிக்கை எழுதுபவரை ஏமாற்றிவிடும். எம்.டி.எம்.2, சி.டி.கே.4 ஆகிய மரபணுக்கள் பெருகியிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அந்த இடத்தில் கைகொடுக்கிறது. இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு: கடும் அமிலத்தில் கால்சியம் நீக்கிய எலும்பில் மரபணுச் சோதனைகள் பல வேளைகளில் தோற்றுப்போகின்றன, ஆதலால் மாதிரியின் மென்மையான ஒரு பகுதியை அமிலம் படாமல் தனியே எடுத்துவைப்பது நல்ல வழக்கம். குருத்தெலும்புத் தன்மை, நார்த்தன்மை, எலும்புத் தன்மை என்று உயர்தர ஆஸ்டியோசார்கோமாவைப் பிரிக்கும் உட்பிரிவுகளுக்கு அறிக்கையில் ஒரு வரி கிடைப்பது மரபு. உயிர்வாழ்வைக் கணிப்பதில் அவற்றின் பங்கு மிகச் சிறியது.

ஆஸ்டியோசார்கோமாவா, வேறொன்றா என்ற முதன்மைப் பிரிவோ மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மண்டையோட்டின் அடிப்பகுதியில் தோன்றும் குருத்தெலும்புப் புற்றான கான்ட்ரோசார்கோமாவைப் பாருங்கள். 1999 இல் வெளியான, 200 நோயாளிகள் அடங்கிய ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் புரோட்டான் கதிர்வீச்சு பெற்றவர்களுள் பத்தாண்டுகளில் நோய் அந்த இடத்தில் கட்டுப்பட்டிருந்தவர்கள் 98 விழுக்காடு. அதே இடத்தில், ஏறக்குறைய அதே தோற்றத்தில் வரும் கார்டோமாவுக்கு (கருவில் முதுகுத்தண்டுக்கு அடிப்படையான திசுவின் எச்சத்திலிருந்து தோன்றும் புற்றுக்கு) இத்தகைய விளைவைக் கனவிலும் எதிர்பார்க்க முடியாது. அந்த 200 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலில் கார்டோமா என்றே தவறாக அறிக்கை தரப்பட்டிருந்தது. அதாவது, பெயர் தவறினால் எதிர்பார்ப்பும் சிகிச்சையும் சேர்ந்தே தவறுகின்றன. இன்று பிராக்கியூரி என்ற புரதத்தைச் சாயமேற்றிப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்துவிடலாம். சிறுவர்களுக்கு அதிகம் வரும் யூயிங் சார்கோமா இன்னொரு துருவம்: அது கீமோதெரபிக்கு நன்றாகக் கட்டுப்படும், கதிர்வீச்சுக்கும் கட்டுப்படும், ஆகவே முகத்தைச் சிதைக்கும் பேரறுவை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. வழக்கமான கான்ட்ரோசார்கோமாவோ கீமோதெரபிக்கு அசைந்துகொடுப்பதில்லை. இவ்வளவு அரிதான நோயில் சார்கோமா மாதிரிகளை அடிக்கடி பார்க்கும் ஒருவரிடம் கண்ணாடித் தகடுகளை அனுப்பி இரண்டாவது கருத்துப் பெறுவதை எந்த மருத்துவரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது; நானே பலமுறை அனுப்புகிறேன்.

கட்டியின் அளவும் முக்கியம்தான். ஆனால் பன்னாட்டளவில் பயன்படும் நிலைப்படுத்தல் முறையின் எட்டாம் பதிப்பு, முக எலும்புகளையும் கை, கால் எலும்புகளையும் ஒரே தொகுதியில் வைத்து, 8 சென்டிமீட்டருக்கு உட்பட்டதா மேற்பட்டதா என்றே பிரிக்கிறது. தொடையெலும்பில் 8 சென்டிமீட்டர் என்பது நடுத்தர அளவு. மேல்தாடையில் அந்த அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்தால் கண்குழியும் மூக்கறையும் எப்போதோ அழிந்திருக்கும். எனவே மிகப் பெரும்பாலான தாடைக் கட்டிகள் முதல் அளவுப் பிரிவிலேயே விழுந்துவிடுகின்றன. அறிக்கையில் அந்தக் குறியீட்டைப் பார்த்து நோய் தொடக்கத்தில் இருக்கிறது என்று ஆறுதல் கொள்வதில் பொருளில்லை. நோய் கண்டறியப்படும்போதே நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்பது அளவைவிடக் கனமான செய்தி. அவ்வாறு பரவியிருந்தால் வாய்ப்புக் குறைகிறது. ஆயினும், நுரையீரல் முடிச்சுகள் சிலவாக மட்டும் இருந்து அனைத்தையும் வெட்டியெடுக்க முடிந்தவர்களில் நீண்ட காலம் வாழ்பவர்களும் உண்டு.

நோய் எவ்வளவு விரைவில் கண்டறியப்படுகிறது என்பது பெரும்பாலும் பல் மருத்துவரின் நாற்காலியில்தான் தீர்மானமாகிறது. தாடை ஆஸ்டியோசார்கோமா வீக்கமாகவும் வலியாகவும் தொடங்குகிறது. பற்கள் காரணமின்றி ஆடத் தொடங்கும். பல் பிடுங்கிய குழி ஆறாமல் சதை வளரும். கீழுதடும் முகவாயும் மரத்துப்போவது எல்லாவற்றிலும் அச்சந்தரும் அறிகுறி, ஏனெனில் சாதாரணப் பல் சீழ்க்கட்டியில் அது அரிது. எக்ஸ்ரே படத்தில் ஒன்றிரண்டு பற்களைச் சுற்றி மட்டும் வேர்ச் சவ்வின் இடைவெளி சீராக அகன்றிருப்பது 1960களிலேயே விவரிக்கப்பட்ட தொடக்கக்கால அடையாளம். பல்லைப் பிடுங்கியும், கிருமிக்கொல்லி மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் மாதங்கள் கழிந்தபின் திசு எடுக்கப்படும்போது, வெட்டக்கூடிய கட்டி வெட்ட முடியாததாக மாறியிருக்கலாம்.

கீமோதெரபிக்கு வருவோம், கருத்து வேற்றுமை அதிகம் உள்ள இடம் இதுதான். கை, கால் ஆஸ்டியோசார்கோமாவில் அதன் பயனைப் பற்றி ஐயமே இல்லை. 1986 இல் வெளியான, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வில், அறுவை மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 விழுக்காடு. அறுவையோடு கீமோதெரபியும் பெற்றவர்களில் 66 விழுக்காடு. தாடையில் அப்படியொரு குலுக்கல் ஆய்வு நடத்தும் அளவுக்கு நோயாளிகள் ஒருபோதும் சேர்வதில்லை. எனவே பழைய பதிவுகளைத் தொகுத்தே முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. 1997 இல் அவ்வாறு இரண்டு தொகுப்பாய்வுகள் வெளிவந்தன: 201 நோயாளிகளைத் தொகுத்த ஒன்று கீமோதெரபி உயிர்வாழ்வை உயர்த்துகிறது என்றது, மற்றொன்று, அறுவை மட்டும் பெற்றவர்களே கூடுதல் சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்றது. இந்த முரண்பாட்டைக் கண்டு மருந்து தீங்கு செய்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. சிறிய, முழுமையாக அகற்றப்பட்ட கட்டிகளுக்கு மருத்துவர்கள் கூடுதல் சிகிச்சை தருவதில்லை; விளிம்பில் நோய் மிஞ்சியவர்களுக்குத்தான் தருகிறார்கள். ஆகவே கூடுதல் சிகிச்சை பெற்றோர் குழு தொடக்கத்திலேயே பின்தங்கிய குழுவாக அமைந்துவிடுகிறது.

உயர்தரக் கட்டிகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகியவற்றை உள்ளடக்கிய கீமோதெரபியைப் பெரும்பாலான மையங்கள் இன்று அளிக்கின்றன. நோயாளியின் உடல் தாங்குமானால் அதுவே சரி என்பது என் கருத்து. தாங்குமா என்பதும் ஒரு காரணிதான்: உயர் அளவு மெத்தோட்ரெக்ஸேட்டைப் பதினைந்து வயதுச் சிறுவனின் சிறுநீரகம் தாங்குவதுபோல் ஐம்பது வயதினரின் சிறுநீரகம் தாங்குவதில்லை, தாடை நோயாளிகளோ வயதில் மூத்தவர்கள். அறுவைக்கு முன் மருந்து கொடுத்து, அகற்றிய கட்டியில் 90 விழுக்காட்டுக்கு மேல் மடிந்திருந்தால் நல்ல எதிர்வினை என்று கணக்கிடுவது கை, கால் எலும்புகளில் நிலைபெற்ற அளவுகோல். தாடைக் கட்டிகளில் அந்த அளவை எட்டுவது குறைவாகவே காணப்படுகிறது. மருந்து வேலை செய்யாமல் வாரங்கள் கழியும்போது கட்டி பெரிதாகி, வெட்டக்கூடிய நிலை கைநழுவும் என்ற அச்சத்தால் நேரடியாக அறுவையையே முதலில் செய்யும் குழுக்களும் உண்டு. மருந்தை முதலில் தருவதென்றால் இடையிடையே படம் எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

கதிர்வீச்சு ஆஸ்டியோசார்கோமாவில் முதன்மைச் சிகிச்சை அன்று. இந்தக் கட்டி அதற்கு எளிதில் அடங்குவதில்லை. ஆனால் 2009 இல் வெளியான, 119 நோயாளிகள் அடங்கிய ஒரு மையத்தின் ஆய்வில், விளிம்பில் நோய் இருந்தவர்களுக்கும் விளிம்பு ஐயத்துக்கு இடமாக இருந்தவர்களுக்கும் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு அளித்தபோது உயிர்வாழ்வு உயர்ந்தது; விளிம்பு தூய்மையாக இருந்தவர்களுக்கு அந்த ஆதாயம் தெரியவில்லை. ஆகவே கதிர்வீச்சு வேண்டுமா வேண்டாமா என்ற முடிவும் ஆய்வக அறிக்கையின் அந்த ஒரு வரியையே நோக்கித் திரும்புகிறது.

கதிர்வீச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் போன்றவற்றுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் கதிர்வீச்சு பெற்றவர்களில் மிகச் சிலருக்கு, அதே பகுதி எலும்பில் ஆஸ்டியோசார்கோமா தோன்றுகிறது. விழித்திரைப் புற்றோடு பிறந்த, அதன் மரபணுக் குறையை உடலெங்கும் சுமக்கும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இந்த ஆபத்து மேலும் கூடுதல். இப்படி இரண்டாவதாகத் தோன்றும் கட்டிகளும், முதியோரின் பேஜட் எலும்பு நோயில் (எலும்பு ஒழுங்கின்றி அழிந்து மீண்டும் வளரும் நோயில்) முளைக்கும் கட்டிகளும் தானே தோன்றியவற்றைவிட மோசமான போக்குடையவை. ஏற்கெனவே கதிர்வீச்சு பட்ட திசு அறுவைக்குப் பின் ஆறுவதற்கே சிரமப்படும், மீண்டும் கதிர்வீச்சு தர இடம் குறைவு, முன்னர் டாக்ஸோரூபிசின் பெற்றிருந்தால் இதயம் அதை மறுபடியும் ஏற்காது. பழைய சிகிச்சையின் வரலாற்றை மருத்துவரிடம் விடாமல் சொல்ல வேண்டியது இதனால்தான்.

வயது கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் பாதகமான காரணியாகத் தெரிகிறது. அதில் எவ்வளவு வயதின் பங்கு, எவ்வளவு முழுச் சிகிச்சை பெற இயலாமையின் பங்கு என்பதைப் பிரிப்பது கடினம். வாய் திறக்க முடியாமல், மெல்ல முடியாமல் எடை இழந்து அறுவைக்கு வருபவருக்குப் புண் ஆறுவதும் தாமதம், அதைத் தொடர்ந்து கீமோதெரபி தொடங்குவதும் தாமதம். எனவே குழாய்வழி உணவு என்றாலும் தயங்காமல் முன்கூட்டியே ஊட்டத்தைச் சரிசெய்வது துணைச் சிகிச்சையில் சேர்ந்ததே.

வெளியாகும் உயிர்வாழ்வு எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாண்டு உயிர்வாழ்வைக் கணக்கிட ஐந்தாண்டுகளாவது கடந்திருக்க வேண்டும்; அரிய நோயில் போதிய எண்ணிக்கை சேர்வதற்குள் இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இன்று நாம் படிக்கும் விழுக்காட்டுக்குள், எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் சிகிச்சை பெற்றவர்களும் அடங்கியிருக்கக்கூடும். மேலும், அந்த எண் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் நோயின்றிக் கடந்த ஒருவருக்கு அதே எண் இனிப் பொருந்தாது, அவரது வாய்ப்பு அதைவிடக் கூடுதல்.

உயர்தரக் கட்டிகள் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகின்றன. அந்தக் காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை முகப் பகுதியின் எம்.ஆர்.ஐ. படமும் நெஞ்சின் சி.டி. ஸ்கேனும் எடுக்கப்படுகின்றன, பொருத்திய எலும்பும் உலோகத் தகடும் படத்தை மறைப்பதால், அறுவைக்குப் பின் புண் ஆறியதும் எடுக்கும் முதல் படத்தை ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். தாழ்தரக் கட்டிகளும் கான்ட்ரோசார்கோமாவும் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் திரும்பக்கூடியவை என்பதால் அவற்றுக்குக் கண்காணிப்பு இடைவெளி நீளலாம், ஆனால் நிறுத்தப்படுவதில்லை. திரும்பிய கட்டி சிறியதாக, மீண்டும் முழுமையாக வெட்டக்கூடியதாக இருக்கும்போதே கண்ணில் பட்டால் இரண்டாவது அறுவைக்கு வழி இருக்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதியை எட்டிவிட்டால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.